தலைமடைத் தொழிலும் கடைமடை உரிமையும்

கொங்கு நாட்டில் மரபுபேணும் அரசியல்: பகுதி 9

உடைமைக்குப் பாதுகாப்பு, வழக்காற்றுக்கு மதிப்பு, அரசின் தலையீட்டுக்கு வரம்பு, சட்டத்துக்கு அடங்கிய ஒழுங்கு ஆகிய நான்கையும் பொதுவாழ்வின் அடிப்படையாகக் கொள்ளும் நோக்கையே இத்தொடர் மரபுபேணும் அரசியல் என்று குறித்துவருகிறது. கொங்கு நாட்டில் 1959 முதல் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் இந்த நான்கும் ஒரே அணியில் நின்றன. தோட்டம் வைத்திருந்த உழவரும் ஆலை நடத்தியவரும் வணிகரும், டில்லியிலும் சென்னையிலும் இயற்றப்பட்ட சட்டங்களை ஒரே வகையான சொற்களால் எதிர்த்தார்கள், நீதிமன்றத்தை ஒரே வகையான நம்பிக்கையோடு அணுகினார்கள். அந்த ஒற்றுமையைக் கலைத்தது நொய்யல் ஆற்றில் கலந்த சாயக்கழிவு நீர். திருப்பூரின் சாயப்பட்டறைகளுக்கும் அவற்றுக்குக் கீழே பாசனம் செய்த உழவர்களுக்கும் இடையே 1996 முதல் 2011 வரை நடந்த வழக்குகளில், ‘அரசு எங்கள் தொழிலில் தலையிடக்கூடாது’ என்ற குரலும் ‘எங்கள் நிலத்தையும் நீரையும் அரசு காக்கவேண்டும்’ என்ற குரலும் எதிரெதிராக நின்றன. இரண்டும் மரபுபேணும் அரசியலின் சொந்தக் குரல்களே. அவற்றுள் எதற்கு முன்னுரிமை என்ற கேள்விக்கு அந்த அரசியல் விடை கண்டாகவேண்டிய கட்டாயத்தை நீதிமன்றத் தீர்ப்புகள் உண்டாக்கிய வரலாற்றை இப்பகுதி விவரிக்கிறது.

நில உச்சவரம்பும் நீதிமன்ற நம்பிக்கையும்

1959 ஜனவரியில் நாகபுரியில் கூடிய காங்கிரஸ் மாநாடு கூட்டுறவுப் பண்ணை முறையையும் நில உச்சவரம்பையும் இலக்காக அறிவித்ததற்கு எதிர்வினையாக, அதே ஆண்டில் இராஜாஜி, என்.ஜி. ரங்கா, மினு மசானி ஆகியோர் சுதந்திராக் கட்சியைத் தோற்றுவித்தார்கள். தொழில் தொடங்குவதற்கும் விரிவாக்குவதற்கும் மூலப்பொருள் பெறுவதற்கும் அரசின் அனுமதிச் சீட்டை எதிர்பார்த்து நிற்கவேண்டிய ஏற்பாட்டை இராஜாஜி ‘பெர்மிட், லைசென்ஸ் ராஜ்யம்’ என்று சாடினார். கொங்குப் பகுதியில் இக்கருத்துக்கு ஏற்கெனவே பண்பட்ட நிலம் இருந்தது. இடைத்தரகர் இல்லாமல் உழவரே அரசுக்கு நேரடியாக வரி செலுத்தும் ரயத்துவாரி முறை நூறாண்டுகளுக்கு மேலாக இங்கு வேரூன்றியிருந்ததால், கிணறு வெட்டித் தோட்டமாக்கிய நிலம் தன் உழைப்பின் சேமிப்பு என்றும், அதைத் தொடுவதற்கு எந்த அரசுக்கும் நியாயம் இல்லை என்றும் இப்பகுதி உழவர் உறுதியாக நம்பினார்கள்.

இந்த நம்பிக்கைக்கு நீதிமன்றம் தொடக்கத்தில் துணை நின்றது. ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு 30 தரநிலை ஏக்கர் என்று வரம்பு விதித்த சென்னை மாநிலத்தின் 1961ஆம் ஆண்டு நிலச் சீர்திருத்தச் சட்டத்தை, ஏ.பி. கிருஷ்ணசாமி நாயுடு வழக்கில் 1964 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் செல்லாது என்று அறிவித்தது. ‘குடும்பம்’ என்பதற்குச் சட்டம் தந்த செயற்கையான வரையறையும், நிலத்தின் அளவு கூடக்கூட இழப்பீட்டு விகிதத்தைக் குறைத்த முறையும் சட்டத்தின் முன் அனைவரும் சமம் என்ற உரிமைக்கு முரணானவை என்பது அத்தீர்ப்பின் சாரம். சில மாதங்களிலேயே, அந்த ஜூன் மாதத்தில், நாடாளுமன்றம் அரசியல் சட்டத்தின் 17ஆம் திருத்தத்தை நிறைவேற்றி, ரயத்துவாரி நிலத்தையும் இழப்பீட்டுக் கேள்விக்கு அப்பாற்பட்ட ‘எஸ்டேட்’ என்ற வகைக்குள் கொண்டுவந்தது. அடிப்படை உரிமைகளைக் காட்டி எதிர்க்க இயலாத சட்டங்களின் பட்டியலான ஒன்பதாம் அட்டவணையில் சென்னைச் சட்டத்தையும் சேர்த்தது. நீதிமன்றத்தில் தோற்ற அரசு அரசியல் சட்டத்தையே மாற்றிக்கொண்டது என்ற குற்றச்சாட்டை சுதந்திராக் கட்சி நாடெங்கும் கொண்டுசென்றது, தி.மு.க.வோடு கூட்டணி அமைத்து 1967 தேர்தலைச் சந்தித்தபோது சென்னைச் சட்டமன்றத்தில் 20 இடங்களையும் பெற்றது.

அதே 1967இன் பிப்ரவரியில், அடிப்படை உரிமைகளைக் குறைக்க நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் இல்லை என்று கோலக்நாத் வழக்கில் ஆறுக்கு ஐந்து என்ற பெரும்பான்மையில் உச்ச நீதிமன்றம் கூறியதும், 14 வங்கிகளை நாட்டுடைமையாக்கிய சட்டத்தை 1970இல் கூப்பர் வழக்கில் செல்லாது என்று அறிவித்ததும், 1973இல் கேசவானந்த பாரதி வழக்கில் அரசியல் சட்டத்தின் அடிப்படைக் கட்டமைப்பை மாற்ற இயலாது என்று வரையறுத்ததும் மரபுபேணும் சிந்தனையாளர்களுக்கு நீதிமன்றத்தின்மீது இருந்த மதிப்பை உயர்த்தின. ஆயினும் 1978இல் நிறைவேறிய 44ஆம் திருத்தம் சொத்துரிமையை அடிப்படை உரிமைகளின் வரிசையிலிருந்து நீக்கி, சட்டத்தின் வழியே அல்லாமல் எவரிடமிருந்தும் சொத்தைப் பறிக்கலாகாது என்ற 300-அ பிரிவாகச் சுருக்கியது. சொத்துரிமையின் சட்டத் தகுதி இவ்வாறு தாழ்ந்தபோதும், கொங்கு உழவரின் மனத்தில் அதன் தகுதி தாழவில்லை. திருப்பூரை அடுத்த பெருமாநல்லூரில் 1970 ஜூன் 19 அன்று, மின்கட்டண உயர்வை எதிர்த்துத் திரண்ட உழவர்களில் மூவர் காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் இறந்த நிகழ்ச்சியும், அதன்பின் நாராயணசாமி நாயுடுவின் தலைமையில் வலுப்பெற்ற விவசாயிகள் இயக்கமும், உழைத்து உருவாக்கிய தோட்டத்தின்மீது அரசு சுமத்தும் பாரத்தை எதிர்க்கும் உணர்வு எவ்வளவு ஆழமானது என்பதற்குச் சான்றுகள்.

பட்டியலுக்குள் வளர்ந்த நகரம்

திருப்பூரின் பின்னலாடைத் தொழில் இதே உழவர் குடும்பங்களோடு நெருங்கிய தொடர்பு உடையது. 1920களில் கதர் இயக்கத்தின் தமிழகத் தலைமையிடமாக விளங்கிய இவ்வூரில் அதே பத்தாண்டில் பனியன் உற்பத்தியும் தொடங்கியது. விடுதலைக்குப் பின், தோட்டத்து வருமானத்தையும் உறவினரின் கைமாற்றுக் கடனையும் முதலாக்கி உள்ளே வந்தவர்களே தொழிலின் பெரும்பகுதியை உருவாக்கினார்கள். 1956இல் தென்னிந்திய பனியன் உற்பத்தியாளர் சங்கமும், 1990இல் திருப்பூர் ஏற்றுமதியாளர்கள் சங்கமும் அமைந்தன. 1985 அளவில் 15 கோடி ரூபாய் மதிப்பில் இருந்த ஏற்றுமதி 2006-07இல் 10,000 கோடி ரூபாயைக் கடந்தது. அரசு ஆலை ஒன்றும் இல்லாமல், பெருங்குழுமம் ஒன்றும் தலைமை தாங்காமல் நிகழ்ந்த இந்த வளர்ச்சியை, அரசு ஒதுங்கி நின்றால் மக்கள் தாமே செழிப்பை உண்டாக்கிக்கொள்வார்கள் என்ற கொள்கைக்கு நேரடிச் சான்றாக மரபுபேணும் எழுத்தாளர்கள் காட்டியதில் நியாயம் உண்டு.

ஆனால் அரசு முழுவதுமாக ஒதுங்கி நிற்கவில்லை என்பதையும் வரலாறு பதிவுசெய்யவேண்டும். சிறுதொழிலுக்கு மட்டுமே உரியவை என்று பொருள்களை ஒதுக்கிவைக்கும் மத்திய அரசின் பட்டியல் 1967இல் தொடங்கியது. இயந்திர முதலீட்டுக்கு வரம்பு விதித்த அப்பட்டியலில் இடம்பெற்ற பின்னலாடை 2005 வரை அதிலேயே நீடித்தது. வரம்பைத் தாண்டாதிருப்பதற்காக நிறுவனங்கள் ஒன்று பலவாகப் பிரிந்தன. நிட்டிங் ஓரிடத்திலும் சாயம் வேறிடத்திலும் கட்டிங், தையல், செக்கிங் இன்னுமோர் இடத்திலுமாக ‘ஜாப் ஒர்க்’ முறை பரவியது. வேலையைப் பகிர்ந்து செய்யும் இந்த ஏற்பாட்டில் திறமையும் விரைவும் கூடின என்றாலும், துணியின் விலை ஏற்றுமதியாளரிடமும் கழிவின் சுமை சிறிய சாயப்பட்டறையிடமும் போய்ச் சேர்ந்தன. சுமார் 700 சாய, சலவைப்பட்டறைகள் கிலோவுக்கு இத்தனை ரூபாய் என்ற கூலிக்குப் போட்டியிட்டு உழைத்த நிலையில், கழிவைச் சுத்திகரிக்கும் செலவை முதலில் ஏற்கத் துணிந்தவரே முதலில் வேலையை இழந்தார். இராஜாஜி கண்டித்த அனுமதிச் சீட்டு ஆட்சி தொழிலைச் சிறியதாகவே வைத்திருந்தது; பின்னர் ஏற்பட்ட சீர்கேட்டில் அந்தச் சிறுமைக்கும் பங்கு உண்டு.

உப்பின் கணக்கு

வெள்ளியங்கிரி மலையில் தோன்றி, கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களைக் கடந்து, கரூர் மாவட்டத்தில் நொய்யல் என்னும் ஊரருகே காவிரியில் கலக்கும் ஆறு, காஞ்சிமாநதி என்ற பழம்பெயரையும் உடையது. மழை குறைந்த நாட்டில் ஓடும் இந்த ஆற்றின் வெள்ளத்தை வீணாக்காமல் அணைக்கட்டுகளிலும் குளங்களிலும் தேக்கி, ஒன்று நிறைந்ததும் அடுத்ததற்கு அனுப்பும் ஏற்பாட்டை முன்னோர் செய்துவைத்திருந்தனர். வாய்க்காலைத் தூர்வாருவதும் கரையைப் பேணுவதும் பாசனம் பெறுவோரின் கூட்டுக் கடமை என்ற குடிமராமத்து வழக்கத்தை, பிரிட்டிஷ் ஆட்சியே 1858ஆம் ஆண்டுச் சட்டத்தால் கட்டாயமாக்கி அங்கீகரித்தது. தலைமடையில் இருப்பவர் தன் தேவைக்கு எடுத்துக்கொண்டபின் நீரைக் கெடுக்காமல் கடைமடைக்கு விடவேண்டும் என்பதே இத்தகைய பாசன வழக்காறு அனைத்துக்கும் அடிப்படையான விதி.

பருத்தித் துணியில் வினைபுரியும் சாயம் ஏறுவதற்கு அதிக அளவில் உப்பு வேண்டும். சாயம் துணியில் தங்க, உப்பு முழுவதும் கழிவு நீரோடு வெளியேறுகிறது. நீரில் கரைந்துள்ள உப்புகளின் மொத்த அளவு லிட்டருக்கு 2,100 மில்லிகிராமைத் தாண்டலாகாது என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வரம்பு வகுத்திருந்தபோதும், சுண்ணாம்பும் படிகாரப் பொருள்களும் கலந்து வண்டலைப் படியவைக்கும் அன்றைய சுத்திகரிப்பு முறைகளால் நிறத்தைக் குறைக்க முடிந்ததே ஒழிய உப்பைப் பிரிக்க முடியவில்லை. புத்தாயிரத்தின் தொடக்க ஆண்டுகளில் நாளொன்றுக்கு எட்டுக் கோடி லிட்டருக்கும் அதிகமான கழிவு நீர் இப்படி வெளியேறியது. ஈரோடு, கரூர் மாவட்ட நிலங்களின் பாசனத்துக்காக 1990களின் தொடக்கத்தில் கட்டி முடிக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவின் தேக்கமாக மாறியது. அதைச் சுற்றிய கிணறுகள் உப்பேறின, தென்னை காய்ந்தது, கால்நடைக்குக்கூட நீர் உதவவில்லை. அணை வேண்டும் என்று கேட்டுப் பெற்ற மக்களே அதில் நீர் தேங்கலாகாது என்று மனுக் கொடுக்கும் நிலை வந்தது.

இதைத் தடுக்கும் அதிகாரம் அரசிடம் இல்லாமல் இல்லை. 1974ஆம் ஆண்டின் நீர் மாசுத் தடுப்புச் சட்டத்தில் 1988ஆம் ஆண்டுத் திருத்தம் சேர்த்த 33-அ பிரிவு, விதியை மீறும் ஆலையை மூடவும் அதன் மின் இணைப்பையும் நீர் இணைப்பையும் துண்டிக்கவும் வாரியத்துக்கு அதிகாரம் அளித்திருந்தது. 1989 மார்ச்சில் வெளியான தமிழக அரசின் 213ஆம் எண் ஆணை ஆறுகளிலிருந்து ஒரு கிலோமீட்டர் தொலைவுக்குள் மாசுபடுத்தும் புதிய தொழிற்சாலைகள் அமைவதைத் தடைசெய்திருந்தது. இந்த அதிகாரங்கள் ஏட்டில் இருந்த ஆண்டுகளிலேதான் நொய்யற்கரைப் பட்டறைகள் பெருகின.

நீதிமன்றப் படிகளில் உழவர்

1996இல் கரூர் வட்டத்து நொய்யல் கால்வாய் விவசாயிகள் சங்கம் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிப்பேராணை மனுத் தாக்கல் செய்தது. கடமையைச் செய்யத் தவறிய அரசு அமைப்பை அக்கடமையைச் செய்யுமாறு உயர் நீதிமன்றம் பணிக்கும் ஆணை நீதிப்பேராணையின் ஒரு வகை ஆகும். அதே ஆண்டு ஆகஸ்டு 28 அன்று, பாலாற்றங்கரைத் தோல் பதனிடும் ஆலைகளைப் பற்றிய வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில், மாசுபடுத்தியவரே அதற்குரிய இழப்பீட்டையும் சீரமைப்புச் செலவையும் ஏற்கவேண்டும் என்ற கோட்பாட்டை நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான உச்ச நீதிமன்ற அமர்வு இந்தியச் சட்டத்தின் பகுதியாக அறிவித்தது. இக்கோட்பாட்டைப் புதுமைவாதிகளின் இறக்குமதி என்று கருதியவர்களுக்கு அத்தீர்ப்பிலேயே விடை இருந்தது. 18ஆம் நூற்றாண்டு ஆங்கிலச் சட்ட அறிஞர் வில்லியம் பிளாக்ஸ்டோனின் விளக்கவுரையை அது சான்றாகக் காட்டியது. ஓடையின் மேற்பகுதியில் சாயக்கூடமோ சுண்ணாம்புக் குழியோ அமைத்து நீரைக் கெடுப்பது கீழேயுள்ள நிலத்தாருக்கு இழைக்கும் தீங்கு என்று பிளாக்ஸ்டோன் வகுத்திருந்தார். சொத்துரிமையின் பெருங்காவலர் என்று மரபுபேணும் சிந்தனை போற்றும் ஓர் அறிஞர், நொய்யல் வழக்கின் மையத்தை இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே தொட்டிருக்கிறார்.

1998இல் உயர் நீதிமன்றம் சுத்திகரிப்பு ஏற்பாடு இல்லாத பட்டறைகள் இயங்கலாகாது என்ற நிலையை எடுத்ததால் நூற்றுக்கும் மேற்பட்டவை மூடப்பட்டன. மற்றவை தனியாகவோ, எட்டுப் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களில் உறுப்பினராகியோ தொடர்ந்தன. உப்பு மட்டும் ஆற்றிலேயே விடப்பட்டதால், நொய்யல் ஆற்று ஆயக்கட்டுதாரர் பாதுகாப்புச் சங்கம் 2003இல் மீண்டும் உயர் நீதிமன்றத்தை அணுகியது. ஓர் அணையினாலோ கால்வாயினாலோ பாசன உரிமை பெற்ற நிலப்பரப்பே ஆயக்கட்டு என்பதால், இம்மனுதாரர்கள் பொதுநலம் நாடிய வெளியார் என்று தள்ளிவிட இயலாத, நேரடி உரிமையுடைய உழவர்களாக இருந்தார்கள். சூழல் இழப்பீட்டைக் கணக்கிட மத்திய அரசு அமைத்த ஆணையம், 28,000க்கும் மேற்பட்ட உழவர்களுக்குச் சுமார் 25 கோடி ரூபாய் வழங்கப்படவேண்டும் என்று 2004இல் மதிப்பிட்டது.

2006 டிசம்பர் 22 அன்று உயர் நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, ஒரு சொட்டுக் கழிவு நீரும் வெளியேறாத நிலையை 2007 ஜூலை 31க்குள் எட்டாத பட்டறைகள் மூடப்படவேண்டும் என்றது. அதுவரை வெளியேற்றும் நீருக்கு லிட்டருக்கு முதலில் 6 காசு, பிறகு 8 காசு, இறுதியில் 10 காசு என்று தண்டத் தொகையை உயர்த்தி வகுத்தது. ஒரத்துப்பாளையம் அணையைத் தூய்மைப்படுத்தும் செலவைப் பட்டறைகளே ஏற்கவும் பணித்தது. திருப்பூர் சாய ஆலை உரிமையாளர்கள் சங்கத்தின் மேல்முறையீட்டை விசாரித்த உச்ச நீதிமன்றம், அன்னியச் செலாவணியும் வேலைவாய்ப்பும் மாசுபடுத்துவதற்கு உரிமம் ஆகமாட்டா என்று 2009 அக்டோபர் 6 அன்று தெளிவுபடுத்தி, மூன்று மாதங்களில் ஆணையை நிறைவேற்றச் சொன்னது. அதுவும் நிறைவேறாத நிலையில், நீதிமன்ற அவமதிப்பு நடவடிக்கையின் முடிவாக 2011 ஜனவரி 28 அன்று தலைமை நீதிபதி எம்.ஒய். இக்பால் தலைமையிலான அமர்வு, திருப்பூரின் சாய, சலவைப்பட்டறைகளையும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூடி மின் இணைப்பைத் துண்டிக்க ஆணையிட்டது.

பிரிந்த கருத்துகள்

இத்தீர்ப்புகளுக்கு எதிராகத் தொழில் தரப்பு முன்வைத்த வாதங்கள் இலேசானவை அல்ல. உப்பை நீரிலிருந்து முழுவதும் பிரிக்கும் தொழில்நுட்பம் இவ்வளவு பெரிய அளவில் அப்போது எங்கும் நிலைபெறவில்லை என்பதும், சீனாவும் வங்கதேசமும் இத்தகைய கட்டுப்பாடு இல்லாமல் போட்டியிடும்போது திருப்பூர் மட்டும் சுமையை ஏற்பது தற்கொலைக்கு ஒப்பானது என்பதும், நகரத்தின் வீட்டுக் கழிவு நீரைத் தடையின்றி ஆற்றில் விட்ட உள்ளாட்சி அமைப்புகள் தண்டனைக்கு உள்ளாகவில்லை என்பதும் அவற்றுள் முக்கியமானவை. இறுதியாகக் கூறிய வாதத்தில் மறுக்க இயலாத உண்மை இருந்தது. 1917 முதல் நகராட்சியாக விளங்கிய திருப்பூர், புத்தாயிரத்தின் தொடக்கம் வரை முறையான பாதாளச் சாக்கடையைப் பெறவில்லை. தொழிலுக்குத் தேவையான நீரைக்கூட, 1995இல் பதிவான புதிய திருப்பூர் வளர்ச்சிக் கழகம் தனியார் முதலீட்டோடு காவிரிப் பகுதியிலிருந்து குழாய் வழியே கொண்டுவரவேண்டியிருந்தது. தன் கடமையைச் செய்யாத உள்ளாட்சி குடிமக்களின் கடமையைக் கேட்க அருகதை உடையதா என்ற கேள்வி, அதிகாரம் மக்களுக்கு அருகில் இருக்கவேண்டும் என்று கருதும் மரபுபேணும் அரசியலுக்கு மிக நெருக்கமானது.

நீதிமன்றத்தின் எல்லையைப் பற்றிய கவலையும் அதே அரசியலிலிருந்து எழுந்தது. சட்டம் இயற்றுவது சட்டமன்றத்தின் பணி, நிறைவேற்றுவது அரசின் பணி, தீர்ப்பளிப்பது நீதிமன்றத்தின் பணி என்ற பிரிவினை சிதையும் இடத்தில் சுதந்திரமும் சிதையும் என்று அது கருதுகிறது. லிட்டருக்கு இத்தனை காசு என்ற தண்டத்தை எந்தச் சட்டமன்றமும் வகுக்காதபோது நீதிமன்றம் வகுப்பதும், கண்காணிப்புக் குழுக்களை அமைத்து ஆண்டுக்கணக்கில் ஒரு தொழில் நகரத்தை நிர்வகிப்பதும் தவறான முன்னுதாரணங்கள் என்ற எச்சரிக்கை பொருட்படுத்தத் தக்கதே. 1964இல் ஒரு சட்டத்தை நீதிமன்றம் தடுத்ததை வரவேற்றவர்கள், 2006இல் நீதிமன்றமே விதி வகுத்ததைக் கண்டு தயங்கியதில் முரண்பாடு இல்லை.

எனினும் கடைமடை உழவரின் வாதம் இவை அனைத்தையும்விட வலிமையானது என்பதே இவ்வரலாறு காட்டும் முடிவு. அவர்கள் புதிய சலுகை எதையும் கேட்கவில்லை. முன்னோர் வழியாக வந்த நிலத்தையும் நீரையும் பக்கத்து ஊரார் கெடுக்காமல் தடுக்கவேண்டும் என்று கேட்டார்கள்; அரசு என்ற ஒன்று ஏன் வேண்டும் என்று வினவினால் எந்த மரபுபேணும் சிந்தனையாளரும் முதலில் கூறும் காரணம் இதுவே. 1964இல் இழப்பீடு குறைவு என்று நில உச்சவரம்பை எதிர்த்த கொள்கை, இழப்பீடே இல்லாமல் தோட்டங்கள் உப்பளமாவதைப் பொறுத்துக்கொண்டால், அது உடைமையைக் காக்கும் கொள்கை என்ற தகுதியை இழந்து, வலுத்தவரின் வசதியைக் காக்கும் கொள்கையாகக் குறுகிவிடும். நீதிமன்றம் வரம்பு மீறியது என்ற குற்றச்சாட்டிலும் பொறுப்பின் பெரும்பங்கு அரசையே சேரும். 1988 முதல் கையில் இருந்த அதிகாரத்தை வாரியமும், 1989 முதல் தானே வெளியிட்ட ஆணையை அரசும் செயல்படுத்தியிருந்தால், காசுக்கணக்குப் பார்க்கும் நிலைக்கு நீதிமன்றம் வந்திராது. நிர்வாகம் காலிசெய்த இடத்திலேயே நீதித்துறை நுழைந்தது.

மூடலுக்குப் பின்

2011ஆம் ஆண்டு மூடல் கடுமையான விளைவுகளை உண்டாக்கியது. சாயம் ஏற்றுவதற்காகத் துணி தொலைதூர ஊர்களுக்குப் பயணித்தது. தையல் கூடங்களில் வேலை குறைந்து, வெளி மாவட்டங்களிலிருந்து வந்திருந்த தொழிலாளர் பலர் ஊர் திரும்பினர். அனுமதியின்றி இயங்கும் பட்டறைகள் பக்கத்து மாவட்டங்களில் தலையெடுத்து, நொய்யலின் துன்பத்தை வேறு ஆறுகளுக்குக் கொண்டுசென்றன. அவ்வாண்டு மே மாதத்தில் பதவியேற்ற ஜெயலலிதா அரசு பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களுக்கு 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் வழங்க முன்வந்தது. அருள்புரம் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில், எதிர்ச் சவ்வூடு பரவல் முறையில் நீரைப் பிரித்தெடுத்தபின் எஞ்சும் உப்புக் கரைசலை ஆவியாக்கிக் கழிக்காமல், அதையே மீண்டும் சாயம் ஏற்றப் பயன்படுத்தும் முறை வெற்றி கண்டது. அதன் வழியே மற்ற நிலையங்களும் படிப்படியாக இயக்கத்துக்குத் திரும்பின. இயலாது என்று நீதிமன்றத்தில் வாதிடப்பட்டது இயலும் என்று திருப்பூரே நிறுவியது. கட்டுப்பாடு தொழிலை அழிக்கும் என்ற அச்சத்துக்கு மாறாக, கழிவை வெளியேற்றாத நகரம் என்ற பெயர் பிற்காலத்தில் வெளிநாட்டு வாங்குவோரிடம் திருப்பூருக்கு மதிப்பைத் தேடித் தந்தது.

வரி செலுத்துவோரின் பணத்தைக் கடனாகத் தந்தது மாசுபடுத்தியவரே செலவை ஏற்கவேண்டும் என்ற கோட்பாட்டுக்குப் பொருந்துமா என்ற ஐயம் மரபுபேணும் நோக்கில் எழுவது இயல்பு. பல ஆண்டுகள் தூங்கிய வாரியத்தின் அலட்சியத்துக்கு அரசும் ஒரு பங்கு விலை தரவேண்டும் என்ற அளவில் அக்கடனை ஏற்கலாம். அது வழக்கமாகிவிடுவதை ஏற்க இயலாது. இழப்பீட்டைப் பற்றி இதனினும் பெரிய குறை ஒன்று உண்டு. இழப்பீடு நிலத்தை அளவுகோலாகக் கொண்டு கணக்கிடப்பட்டதால், அந்த நிலங்களில் கூலி வேலை செய்து, அதே கிணறுகளின் நீரைக் குடித்து வாழ்ந்த நிலமற்ற குடும்பங்களின் இழப்பு கணக்கில் ஏறவில்லை. உடைமையைக் காப்பதைத் தன் முதற்கடமையாகக் கருதும் அரசியல், உடைமை இல்லாதவருக்கும் உழைப்பும் உடல்நலமும் உடைமைகளே என்பதை ஏற்கும்போதுதான் முழுமை பெறும். கொங்கு நாட்டின் மரபுபேணும் அரசியல் அந்த இடத்தில் இன்னும் பழைய கணக்கையே வைத்திருக்கிறது.

நொய்யல் தீர்ப்புகள் வகுத்த வரிசைமுறை தெளிவானது: தொழில் நடத்தும் சுதந்திரம் பிறர் உடைமை தொடங்கும் எல்லையில் முடிகிறது, அந்த எல்லையைக் காப்பது அரசின் முதல் வேலை, அரசு அதில் தவறினால் நீதிமன்றத்தின் கதவு குடிமகனுக்குத் திறந்திருக்கிறது. எல்லையைத் தாண்டியவர் பக்கத்து ஊர்த் தொழில்முனைவோராக இருந்தபோது இவ்வரிசை உறுதியாக நின்றது. எல்லையைத் தாண்டுவது மத்திய அரசின் நிறுவனமாக இருந்தால் அதே உறுதி நிலைக்குமா என்ற கேள்வியை, கோவை, திருப்பூர், ஈரோடு உள்ளிட்ட ஏழு மாவட்டங்களின் விளைநிலங்கள் வழியே கெயில் நிறுவனம் எரிவாயுக் குழாய் பதிக்க முனைந்த திட்டம் எழுப்பியது. நிலத்தின் உடைமையை உரியவரிடமே விட்டுவிட்டுப் பயன்படுத்தும் உரிமையை மட்டும் எடுத்துக்கொள்ள வழிசெய்யும் 1962ஆம் ஆண்டுச் சட்டம், குழாயை நெடுஞ்சாலையோரம் மாற்றச் சொன்ன தமிழக அரசின் ஆணை, அந்த ஆணையை 2013 நவம்பரில் ரத்துசெய்த சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு, அதை 2016 பிப்ரவரியில் உறுதிப்படுத்திய உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஆகியவற்றையும், அவற்றின்மீது எழுந்த கருத்துகளையும் அடுத்த பகுதி ஆராயும்.